மூணு மாச சுகர் 5.1, விரலில் குத்தினால் 200. லேப் பொய் சொல்கிறதா?

3 ஜூன், காலை 7.12 – வைப்பாறு

அப்பாவுக்கு வயது 61. வீட்டு மீட்டரில் வெறும் வயிற்றில் 145, சாப்பிட்ட பிறகு எப்போதும் 200க்கு மேல். ஆனால் ஹெச்பிஏ1சி (மூணு மாச சுகர் டெஸ்ட்) ரிப்போர்ட் 5.1 என்கிறது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு "சூப்பர் கன்ட்ரோல்" என்று சர்க்கரை மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டார். சந்தேகத்தில் வேறு லேபில் கொடுத்தேன், 5.2. இந்த மூணு மாச டெஸ்டே ஏமாற்று வேலை என்பது என் கருத்து. லேபில் இருப்பவர்கள் யாராவது மறுக்க முடியுமா?

3 ஜூன், இரவு 10.40 – ஊதாமூடி

முடியும். இரண்டு லேபும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைச் சொல்கின்றன என்றால் மெஷின் சரியாகத்தான் ஓடியிருக்கிறது. மெஷின் அளந்தது சர்க்கரையை அல்ல, அதுதான் விஷயம்.

ஹீமோகுளோபின் நான்கு புரதச் சங்கிலிகள் சேர்ந்த மூலக்கூறு. ஆல்ஃபா இரண்டு, ஒவ்வொன்றிலும் 141 அமினோ அமிலங்கள். பீட்டா இரண்டு, ஒவ்வொன்றிலும் 146. பீட்டா சங்கிலியின் முதல் கண்ணி வேலின். ரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸ் அந்த வேலினில் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும். எந்த என்சைமும் அதை ஒட்டவைப்பதில்லை, ஒட்டி உறுதிப்பட்டதை எதுவும் பிரித்தெடுப்பதும் இல்லை. நூறு ஹீமோகுளோபினில் எத்தனையில் இப்படி ஒட்டியிருக்கிறது என்பதுதான் ஏ1சி.

தசைச் செல்லுக்குள் சர்க்கரை போக இன்சுலின் கதவைத் திறக்க வேண்டும். சிவப்பணுவின் கதவு (குளுட்-1 என்பார்கள்) இன்சுலினைக் கேட்பதில்லை, எப்போதும் திறந்தே கிடக்கும். வெளியே எவ்வளவோ உள்ளேயும் கிட்டத்தட்ட அவ்வளவு. போதாததற்கு முதிர்ந்த சிவப்பணுவில் உட்கரு கிடையாது. புதிதாக ஹீமோகுளோபின் செய்ய முடியாது. பிறந்தபோது கொண்டுவந்த சுமார் 27 கோடி மூலக்கூறுகளோடு ஏறக்குறைய 120 நாள் வாழ்ந்து சாகும். அதனால்தான் அது ஒரு பதிவேடாகப் பயன்படுகிறது.

சரி, அந்த அணு 120 நாள் வாழாமல் 60 நாளில் செத்தால்? பதிவேட்டில் பாதிப் பக்கம் கிழிந்துபோகும். சர்க்கரை எவ்வளவு அதிகமாக இருந்தாலும் ஒட்டுவதற்கு நேரம் கிடைத்திருக்காது.

அப்பாவுக்கு சமீபத்தில் ரத்தம் ஏற்றினார்களா? ரத்தப்போக்கு ஏதாவது? சிறுநீரகக் கோளாறுக்கு எரித்ரோபாய்டின் ஊசி (சிவப்பணு உற்பத்தியைத் தூண்டுவது)? சர்க்கரை மாத்திரை தவிர வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார்? எல்லாவற்றையும் எழுதுங்கள். "ஒண்ணுமில்லை, சும்மா ஒரு மாத்திரை" என்பதையும் சேர்த்து.

3 ஜூன், இரவு 11.05 – ஊதாமூடி

கணக்குப் போட்டுப் பார்க்க விரும்புவோருக்கு: ஏ1சியை 28.7ஆல் பெருக்கி 46.7ஐக் கழித்தால் சராசரிச் சர்க்கரை. 5.1க்கு 100 வருகிறது. அப்பாவின் மீட்டர் எண்களைப் பார்த்தால் சராசரி 180 பக்கம் இருக்கும், அதற்கு ஏ1சி 7.9 வந்திருக்க வேண்டும். இந்த இடைவெளி சின்னது இல்லை.

4 ஜூன், காலை 6.50 – ஊதாமூடி

"மீட்டர்தான் தப்பு, அது சைனா சரக்கு" என்று ஒருவர். இருக்கலாம், ஆனால் மீட்டர் நூறு எண்ணெல்லாம் கூட்டிக் காட்டாது. ரத்தசோகை இருந்தால் பல மீட்டர்கள் கொஞ்சம் ஏற்றிக் காட்டும். சொட்டில் அணுக்கள் குறைந்து பிளாஸ்மா அதிகம் இருப்பதால். எனவே நரம்பில் எடுத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். அதையும் சாம்பல் மூடி ட்யூபில் எடுக்கிறார்களா என்று கவனியுங்கள்.

ஏன் சாம்பல்? மற்ற ட்யூபில் ரத்தத்தை அப்படியே வைத்தால் உள்ளே இருக்கும் சிவப்பணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் மணிக்கு நூற்றுக்கு 5 முதல் 7 பங்கு. சாம்பல் மூடியில் சோடியம் ஃபுளோரைடு இருக்கிறது. சர்க்கரையை உடைக்கும் வரிசையில் ஈனோலேஸ் என்ற என்சைமை அது முடக்கும். ஆனால் ஈனோலேஸ் வரிசையின் கடைசிப் பக்கம் உள்ளது. அதற்கு மேலே உள்ள படிகள் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும், முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் சர்க்கரை இன்னும் இறங்கும். கிராமத்து மருத்துவ முகாம்களில் எடுத்த ட்யூபுகள் வெயிலில் வேனில் சுற்றிவிட்டு மதியம் என் மேசைக்கு வரும்போது பாதிப் பேருக்கு சுகர் "நார்மல்". ஐஸ் பெட்டி கேட்டு எழுதிக் கொடுத்தேன். பெட்டி வந்தது, அதில் முகாமுக்குக் குளிர்பானம் போனது.

4 ஜூன், மதியம் 2.20 – ஊதாமூடி

நல்ல கேள்வி ஒன்று வந்திருக்கிறது: "ஆக்சிஜனையே முதுகில் சுமக்கும் அணு எதற்காகச் சர்க்கரையை அரைகுறையாக உடைத்துப் பிழைக்க வேண்டும்?"

ஆக்சிஜனை எரிக்க மைட்டோகாண்டிரியா வேண்டும். சிவப்பணு அதை எலும்பு மஜ்ஜையை விட்டுக் கிளம்பும் சமயத்தில் கழித்துவிடுகிறது. கல்யாண வீட்டுச் சமையல்காரர் ஊருக்கெல்லாம் விருந்து போட்டுவிட்டுத் தான் ஓரமாக உட்கார்ந்து கஞ்சி குடிப்பது மாதிரி, சுமக்கும் ஆக்சிஜனில் அது கை வைப்பதில்லை. ஒரு குளுக்கோஸிலிருந்து நிகரமாக 2 ஏடிபி (அணு செலவழிக்கும் சக்திக் காசு), மிச்சம் லாக்டேட். அந்தச் சொற்பக் காசில் சோடியம்–பொட்டாசியம் பம்பை ஓட்டி, வடிவம் கெடாமல் பார்த்துக்கொண்டு, இரும்பைத் துருப்பிடிக்காமல் காக்க வேண்டும்.

கடைசிச் செலவைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். வைப்பாறு பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

5 ஜூன், காலை 8.15 – வைப்பாறு

அண்ணே, ரத்தம் ஏற்றவில்லை. கிட்னி சரியாக இருக்கிறது. பிரஷருக்கு ஒரு மாத்திரை. அப்புறம் தோல் டாக்டர் கொடுத்த டாப்சோன் 100, தினமும் ஒன்று, சில மாதமாகச் சாப்பிடுகிறார். சர்க்கரைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று சொல்லவில்லை.

5 ஜூன், காலை 8.31 – ஊதாமூடி

அந்த டாப்சோன்தான் என் சந்தேகம். வீட்டில் கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர் இருந்தால் அப்பா விரலில் மாட்டி எண்ணைப் போடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். தோல் டாக்டர், சுகர் டாக்டர் இருவரிடமும் இன்றே பேசுங்கள்.

5 ஜூன், இரவு 11.50 – ஊதாமூடி

டியூட்டி முடிந்துதான் எழுத நேரம் கிடைத்தது. நீளமாகப் போகும்.

ஹீமோகுளோபினின் ஒவ்வொரு சங்கிலியிலும் ஒரு ஹீம், ஹீமின் நடுவில் ஒரு இரும்பு. அந்த இரும்பு இரண்டு நேர்மின்னூட்டத்தோடு இருந்தால்தான் ஆக்சிஜனைப் பிடிக்கும், விடும். இன்னொரு எலக்ட்ரானை இழந்து மூன்றாகிவிட்டால் அது மெத்தீமோகுளோபின். அதில் ஆக்சிஜன் ஒட்டாது. நம் எல்லோருக்கும் தினமும் நூற்றுக்கு மூன்று பங்கு வரை இப்படிக் கெட்டுப்போகிறது. ஆனாலும் எப்போது அளந்தாலும் ஒன்றுக்குக் கீழேதான் இருக்கும். காரணம், அணுவுக்குள் ஓயாமல் நடக்கும் பழுதுபார்ப்பு. சர்க்கரையை உடைக்கும்போது கிடைக்கும் என்ஏடிஎச் என்ற எலக்ட்ரான் சுமக்கும் மூலக்கூறிலிருந்து எலக்ட்ரானை வாங்கி, சைட்டோகுரோம் பி5 ரிடக்டேஸ் என்ற என்சைம் இரும்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது.

டாப்சோன் கல்லீரலில் ஹைட்ராக்சிலமைன் என்ற வடிவமாக மாறுகிறது. அது சிவப்பணுவுக்குள் நுழைந்து இரும்பை வேகமாகக் கெடுக்கிறது, ரிப்பேர் பின்தங்குகிறது. அதோடு அணுவின் புரதங்களையும் தாக்குகிறது. அதைத் தடுக்க வேறொரு கிளைப் பாதை உண்டு. குளுக்கோஸில் ஒரு சிறு பங்கு அதில் திரும்பி என்ஏடிபிஎச் (இதுவும் எலக்ட்ரான் சுமப்பதுதான்) கொடுக்கும், அது குளூட்டாதயோன் என்ற காப்புப் பொருளைத் தயாராக வைத்திருக்கும். அந்தக் கிளைப் பாதையின் வாசலில் நிற்கும் என்சைம்தான் ஜி6பிடி. மைட்டோகாண்டிரியா இல்லாத சிவப்பணுவுக்கு என்ஏடிபிஎச் கிடைக்க வேறு நல்ல வழி இல்லை. காப்பு போதாதபோது ஹீமோகுளோபின் கட்டிதட்டி அணுச்சவ்வில் ஒட்டும். ஹைன்ஸ் பொருள்கள் என்று பெயர், ஸ்பெஷல் சாயம் போட்டால் ஓரத்தில் கருநீலப் புள்ளியாகத் தெரியும். மண்ணீரல் அவற்றைப் பிடுங்கும்போது அணுவின் ஓரம் கடித்த பிஸ்கட்டாகிவிடும்; கொஞ்ச நாளில் அணுவே போய்விடும்.

ஜி6பிடி குறைபாடு கண்டுபிடிக்கப்பட்ட கதையும் மாத்திரையில்தான் தொடங்கியது. அமெரிக்காவின் இலினாய் மாநிலத்து ஸ்டேட்வில் சிறையில் கைதிகள்மேல் மலேரியா மருந்துகளைச் சோதித்தார்கள். ப்ரைமாகுயின் சாப்பிட்டவர்களில் சிலருக்கு மட்டும் ரத்தம் உடைந்தது, அதாவது சிவப்பணுக்கள் சிதைந்தன. அதைத் துரத்தி 1956இல் இந்த என்சைமைப் பிடித்தார்கள். கைதிகளிடம் அப்படிச் சோதித்தது சரியா என்பது வேறு விவாதம். எனக்கு அது சரியாகப் படவில்லை.

நம் வீடுகளில் ப்ரைமாகுயினைவிட அந்துருண்டைதான் பக்கத்தில் இருக்கிறது. நாஃப்தலீன் உருண்டை போட்டு மாதக்கணக்கில் பீரோவில் வைத்த துணியை எடுத்து அப்படியே பச்சைக் குழந்தையைச் சுற்றுவார்கள். ஜி6பிடி குறைந்த குழந்தைக்கு ரத்தம் உடைந்து மஞ்சள்காமாலை முற்ற அது போதும். துவைத்து வெயிலில் காயவைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். உருண்டையே இல்லாமல் இருப்பது இன்னும் மேல்.

ஜி6பிடி நன்றாக இருப்பவருக்கும் டாப்சோன் சிவப்பணுவின் ஆயுளைக் குறைக்கும். அளவு கூடக் கூட அதிகம். ஏ1சி இறங்கியதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். ரெட்டிக் கவுண்ட் (ரத்தத்தில் புதுச் சிவப்பணுக்கள் எத்தனை பங்கு என்ற கணக்கு) பார்த்தால் தெரிந்துவிடும்.

6 ஜூன், காலை 9.02 – ஊதாமூடி

ஆக்சிமீட்டர் 92 காட்டுகிறது, அப்பாவுக்கு மூச்சிரைப்பு இல்லை, உதடு மட்டும் லேசாகக் கறுத்திருக்கிறது என்கிறார் வைப்பாறு. "நுரையீரல் பிரச்சினை, உடனே ஸ்கேன்" என்று கீழே இருவர் பயமுறுத்தியிருக்கிறார்கள். பொறுங்கள்.

ஆக்சிமீட்டர் சிவப்பும் அகச்சிவப்புமாக இரண்டு ஒளியை விரலுக்குள் விட்டு, எது எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்ற விகிதத்தைப் பார்க்கிறது. மெத்தீமோகுளோபின் இரண்டையும் ஏறக்குறைய சமமாக உறிஞ்சும். விகிதம் 1 பக்கம் நகரும், விகிதம் 1 என்றால் கருவி 85 என்று படிக்கும். அதனால் மெத்தீமோகுளோபின் ஏற ஏறக் கருவி 85ஐ நோக்கி இறங்கி அங்கேயே நின்றுவிடும், உண்மை நிலை அதைவிட மோசமாக இருந்தாலும். 92 என்பது ஆரம்பக் கட்டம்தான். ஆனால் தலைசுற்றல், மயக்கம், நெஞ்சு படபடப்பு வந்தால் காத்திருக்கக் கூடாது.

ஒரு ராத்திரி அவசரப் பிரிவிலிருந்து ஒரு சிரிஞ்சு ரத்தம் வந்தது. ஆக்சிஜன் மாஸ்க் போட்டும் எண் 85ஐ விட்டு நகரவில்லை. சிரிஞ்சைப் பார்த்ததும் நிறம் உறுத்தியது. கருஞ்சிவப்பு இல்லை, சாக்லேட் பழுப்பு. வடிதாளில் அதில் ஒரு சொட்டு, பக்கத்தில் என் விரலைக் குத்தி ஒரு சொட்டு. விசிறினேன். என்னுடையது பளிச்சென்று சிவந்தது, அது பழுப்பாகவே உறைந்தது. டாக்டரைக் கூப்பிட்டுத் தாளைக் காட்டினேன். மெத்திலீன் புளூ ஊசி ஏறிய பிறகு வந்த அடுத்த சிரிஞ்சில் நிறம் திரும்பியிருந்தது. நீலச் சாயம்தான் அது. அணுவுக்குள் என்ஏடிபிஎச்சிடம் எலக்ட்ரான் வாங்கி இரும்புக்குக் கைமாற்றும். ஜி6பிடி இல்லாதவருக்கு அதைக் கொடுத்தால் வாங்க எலக்ட்ரான் இருக்காது, ரத்தம் மேலும் உடையும்.

7 ஜூன், இரவு 10.10 – ஊதாமூடி

ஒரு திருத்தம், கீழே "பத்து சதவீதம் கெட்டால் என்ன, மிச்சம் தொண்ணூறு வேலை செய்யுமே" என்றவருக்கு. அப்படிக் கழித்தல் கணக்குப் போட முடியாது. நான்கு இரும்பில் ஒன்று கெட்டுப்போன மூலக்கூறில் மிச்சம் மூன்றும் ஆக்சிஜனை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நுரையீரலில் வாங்கும், திசுவில் விடாது. கார்பன் மோனாக்சைடும் இதே சூதைத்தான் ஆடுகிறது, அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் ஆசையோடு ஒட்டும் என்பது கூடுதல் கொடுமை. பூட்டிய அறையில் ஜெனரேட்டர் ஓட்டிச் செத்தவர்களின் உடல் சிவந்து இருக்கும்.

நான்கும் ஒன்றையொன்று எப்படி அறிகின்றன என்பதுதான் ஹீமோகுளோபின் கதையின் சுவையான பகுதி. பிராகில் 1938இல் ஃபெலிக்ஸ் ஹௌரோவிட்ஸ் மைக்ரோஸ்கோப்பின் கீழே ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபின் படிகங்களை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊதா நிற அறுகோணத் தகடுகள். கண்ணாடித் தகட்டின் ஓரத்திலிருந்து காற்று புகுந்ததும் அவை உடைந்து மறைந்து, அந்த இடத்தில் சிவப்பு ஊசிகள் முளைத்தன. ஆக்சிஜன் ஒட்டினால் மூலக்கூறின் வடிவமே மாறுகிறது என்று அர்த்தம்.

அந்த வடிவத்தைப் பார்க்க கேம்பிரிட்ஜில் மேக்ஸ் பெரூட்ஸ் 1937இல் குதிரை ஹீமோகுளோபின் படிகத்தை எக்ஸ்-ரேயில் வைத்தார். உருவம் மங்கலாகத் தெரிந்தது 1959இல். 1962இல் ஜான் கெண்ட்ரூவோடு நோபல். எப்படி வேலை செய்கிறது என்று அவர் விளக்கியது 1970இல். ஆக்சிஜன் இல்லாதபோது இரும்பு ஹீமின் தளத்தைவிட்டு சுமார் 0.4 ஆங்ஸ்ட்ராம் வெளியே நிற்கிறது. ஆக்சிஜன் ஒட்டியதும் தளத்துக்குள் வருகிறது, வரும்போது தன்னோடு பிணைந்த ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தை இழுக்கிறது. அந்தச் சின்ன இழுப்பு சங்கிலி முழுக்கப் பரவி, கடைசியில் ஓர் ஆல்ஃபா–பீட்டா ஜோடி இன்னொரு ஜோடியைப் பார்த்து 15 டிகிரி அளவுக்குத் திரும்புகிறது. இறுக்க நிலை உடைந்து தளர்ந்த நிலை. முதல் ஆக்சிஜன் நுழையச் சிரமப்படும், கடைசி ஆக்சிஜன் சுலபமாக நுழையும்.

7 ஜூன், இரவு 10.16 – ஊதாமூடி

1937லிருந்து 1959. பிஎச்டி இழுத்துக்கொண்டே போகிறது என்று அழும் என் அக்கா மகளுக்கு இதை அனுப்பினேன். பதில் இல்லை.

9 ஜூன், மாலை 5.30 – ஊதாமூடி

ஞாயிற்றுக்கிழமை, கொஞ்சம் தடம் மாறுகிறேன்.

சர்க்கரைப் பாதையில் இன்னொரு கிளை சிவப்பணுவில் மட்டும் பெரிதாக ஓடுகிறது. ராப்பபோர்ட்–லூபரிங் பாதை. அதில் போனால் ஏடிபி ஒன்று நஷ்டம், கிடைப்பது 2,3-பிபிஜி என்ற பொருள். அந்தச் சொற்ப வருமானத்தில் எதற்கு இந்த நஷ்டம்? 1967இல் ரெய்ன்ஹோல்ட், ரூத் பெனெஷ் தம்பதி விடை சொன்னார்கள். பிபிஜி இரண்டு பீட்டா சங்கிலிகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் உட்கார்ந்து இறுக்க நிலையைத் தாங்கிப் பிடிக்கிறது, அதனால் திசுவில் ஆக்சிஜன் கழன்று விழுகிறது. அது இல்லாவிட்டால் ஹீமோகுளோபின் வாங்கியதை விடவே விடாது. கருவிலிருக்கும் குழந்தையின் ஹீமோகுளோபினில் பீட்டாவுக்குப் பதில் காமா. அதில் பிபிஜி சரியாக உட்காராது. அதனால்தான் தாயின் ரத்தத்திலிருந்து குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனை வாங்க முடிகிறது.

ரத்த வங்கிக்காரர்களுக்கு இது தினசரி விஷயம். சிபிடிஏ (ரத்தம் உறையாமல், கெடாமல் காக்கும் கரைசல்) பையில் 35 நாள் வரை 2 முதல் 6 டிகிரியில் வைக்கிறோம். பிபிஜி இரண்டு வாரத்திலேயே ஏறக்குறையக் காலி. ஏற்றிய பிறகு நோயாளியின் உடலில் ஒன்றிரண்டு நாளில் திரும்ப ஊறிவிடும்.

அந்தப் பாதைக்குப் பெயர் தந்த சாமுவேல் மித்யா ராப்பபோர்ட் வியன்னாவில் வளர்ந்து, அமெரிக்காவின் சின்சினாட்டிக்குப் போனவர். போர்க்காலத்தில் ரத்தம் ஒரு வாரம்தான் தாங்கியது, அதை மூன்று வாரமாக்கியவர். அமெரிக்க அதிபர் ட்ரூமனிடம் சான்றிதழ் வாங்கினார். கம்யூனிஸ்ட் என்பதால் 1950இல் அமெரிக்காவை விட்டு வெளியேற வேண்டியிருந்தது, கடைசியில் கிழக்கு பெர்லின். மனைவி இங்கெபோர்க் குழந்தை மருத்துவர். தாய் யூதர் என்பதால் 1938இல் நாஜி ஆட்சி அவருடைய டாக்டர் பட்டத் தேர்வை மறுத்தது. 2015இல் ஹாம்பர்க் பல்கலைக்கழகம் தேர்வு வைத்தது. 102 வயதில் டிப்தீரியா பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்லித் தேறினார். என் அக்கா மகளுக்கு இதையும் அனுப்பியிருக்கிறேன்.

11 ஜூன், காலை 7.40 – வைப்பாறு

அண்ணே, ரிசல்ட். ஹீமோகுளோபின் 10.8. ரெட்டிக் 5. மெத்தீமோகுளோபின் 7. ஜி6பிடி நார்மல். ஃப்ரக்டோசமின் அதிகம். தோல் டாக்டர் டாப்சோனை நிறுத்தி வேறு மருந்து தந்திருக்கிறார். சுகர் மாத்திரை பழைய அளவுக்கு வந்துவிட்டது. லேப்காரர்களைத் திட்டியதை வாபஸ் வாங்குகிறேன்.

11 ஜூன், இரவு 9.25 – ஊதாமூடி

நல்லது. ரெட்டிக் 5 என்றால் மஜ்ஜை அவசரமாகப் புது அணுக்களை அனுப்புகிறது. சராசரி வயது குறைந்த கூட்டம், அதனால் 5.1. ஃப்ரக்டோசமின் பிளாஸ்மா புரதங்களில் ஒட்டிய சர்க்கரை, கடந்த இரண்டு மூன்று வாரத்தைத்தான் சொல்லும். ஆனால் சிவப்பணுவின் ஆயுளோடு அதற்குப் பேச்சில்லை.

ஒரு எச்சரிக்கை. ஜி6பிடி நார்மல் என்பதை இப்போது முழுசாக நம்ப வேண்டாம். புது அணுக்களில் அந்த என்சைம் இயல்பாகவே அதிகம், கிழ அணுக்கள் ஏற்கனவே உடைந்துபோய்விட்டன. ரத்தம் உடையும் சமயத்தில் பார்த்தால் குறைபாடு உள்ளவருக்கும் நார்மல் வரலாம். இரண்டு மூன்று மாதம் கழித்து இன்னொருமுறை பாருங்கள்.

13 ஜூன், இரவு 11.10 – ஊதாமூடி

இழையைப் படித்துவிட்டு ஏ1சியையே தூக்கி எறியச் சொல்பவர்களுக்கு: வேண்டாம். சாமுவேல் ரஹ்பர் 1960களின் கடைசியில் தெஹ்ரானில் விசித்திர ஹீமோகுளோபின்களைத் தேடும்போது சர்க்கரை நோயாளிகளிடம் தனியாக ஒரு பட்டையைப் பார்த்தார். அங்கிருந்து வந்த டெஸ்ட் இது. பெரும்பாலானோருக்கு நம்பகமானது.

ஆனால் எதிர்ப்பக்கத் தவறும் உண்டு, நம் ஊரில் அதுதான் அதிகம். இரும்புச்சத்துக் குறைவில் புது அணுக்கள் குறைவாகப் பிறக்கும், பழசுகள் கூட்டத்தில் மிகுந்திருக்கும். ஏ1சி கொஞ்சம் ஏறித் தெரியும். பெண்களுக்கு 6.0, 6.1 வந்து "சர்க்கரை எல்லையில் இருக்கிறீர்கள்" என்று சொல்லி அனுப்புகிறார்கள், ஹீமோகுளோபின் 8 என்பதை யாரும் பார்ப்பதில்லை. இரும்பு மாத்திரை சாப்பிட்டதும் எண் இறங்கும், பெருமை வெந்தயத் தண்ணீருக்குப் போகும்.

நீலகிரிப் பழங்குடிகளிடம் அரிவாள் அணு ஹீமோகுளோபின் இருப்பது 1952இலேயே வெளியான செய்தி. பீட்டாவின் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த நோய் உள்ளவரின் அணு 120 நாளைப் பார்ப்பதே இல்லை. அவருக்கு ஏ1சி எழுதுவது வீண் செலவு.

15 ஜூன், காலை 6.30 – ஊதாமூடி

"மாமனாருக்குப் போன மாதம் ஆபரேஷன், இரண்டு பை ரத்தம் ஏற்றினார்கள். இப்போது ஏ1சி பார்க்கலாமா?" என்று தனியாகக் கேட்டவருக்கு இங்கேயே பதில்.

பார்த்தால் அதில் ஒரு பங்கு ரத்தம் கொடுத்தவர்களுடைய சர்க்கரை. மூன்று மாதம் விடுங்கள். அதுவரை மீட்டர், அவசியமென்றால் ஃப்ரக்டோசமின். டெஸ்ட் சீட்டில் "ரத்தம் ஏற்றப்பட்டது" என்று தேதியோடு எழுதச் சொல்லுங்கள், டாக்டர் எழுதாவிட்டால் நீங்களே ட்யூப் எடுக்கும் இடத்தில் சொல்லுங்கள். சொன்னால் ரிப்போர்ட்டில் ஒரு வரி சேர்த்துவிடுவோம்.